இடது பக்கத்துப் பிரேக்

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தாலே "போய் வேலையப் பாருய்யா" என்று விரட்டுகிற ஆள் நான். தொழில் கார் மெக்கானிக். சத்தம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். வண்டி நின்றால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும். கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்த வேதாந்தம் அவ்வளவுதான். அந்த வெள்ளைக் காரை மட்டும் மூன்று தடவை கழற்றிப் பார்த்துவிட்டேன். ஒரு மண்ணும் தெரியவில்லை.

நடந்தது எனக்கில்லை, என் தங்கைக்கு. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவளோடு காரில் இருந்த தையல்காரம்மாவையும் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். இரண்டு பேர் சொன்னதிலும் இம்மி பிசகவில்லை.

தங்கை ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அந்த மாதிரிக் கார்களில், பக்கத்து சீட்டில் உட்காருகிற வாத்தியாரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் அதை அழுத்தி வண்டியை நிறுத்திவிடலாம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கத்துப் பிரேக்கை அழுத்தினால் வலது பக்கத்துப் பிரேக்கும் கூடவே கீழே போகும். ஆனால் வலதை அழுத்தினால் இடது அசையாது. நடுவில் இருப்பது ஒரு கேபிள், அது ஒரு பக்கமாகத்தான் இழுக்கும்.

அவள் சொல்லிக்கொடுக்கிற விதமே தனி. மற்ற வாத்தியார்கள் பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவார்கள். இவள் கத்த மாட்டாள். முதல் வாரம் காலைப் பிரேக்கின் மேல் வைத்திருப்பாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுத்துக்கொள்வாள். ஆள் தேறிவிட்டார் என்று அவளுக்குத் தோன்றுகிற அன்று, செருப்பைக் கழற்றிவிட்டு சீட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். "பாத்துக்கங்க, எனக்கு இப்ப காலே இல்ல. வண்டி உங்களோடது," என்பாள். பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் உண்மையிலேயே ஓட்ட வருகிறது என்று அவளுக்குப் பெருமை. கேட்கும்போதெல்லாம் பெல்ட்டையாவது ஒழுங்காகப் போட்டுத் தொலை என்பேன்.

அவளிடம் படிக்க வந்தவர்தான் தையல்காரம்மா. ஐம்பதைத் தாண்டியவர். பிள்ளை குட்டி கிடையாது, வீட்டுக்காரர் மட்டும்தான். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். வீடோ ஊருக்கு வெளியே, பஸ் எட்டிப் பார்க்காத இடத்தில். பக்கத்து வீட்டுக்காரர்தான் காரில் கொண்டுபோய் விடுவார். ஒருநாள் அவர் ஊரில் இல்லை. ஆம்புலன்ஸ் வருகிறது வருகிறது என்றார்கள், வந்த பாடில்லை. அதற்குள் மனிதருக்கு நுரையீரலில் நீர் கோத்து, உதடு நீலம் பாய்ந்துவிட்டது. மயிரிழையில் பிழைத்தார். இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

வாசலில் வீட்டுக்காரரின் பழைய கார் சும்மாதான் நின்றது. அவருக்குக் கை நடுக்கம், தொட முடியாது. ஆகவே இந்த அம்மா ஓட்டியே தீர வேண்டும். ஓட்ட லைசென்ஸ் வேண்டும். ஆனால் டெஸ்டில் மூன்று தடவை தோற்றுவிட்டார். நாலாவது தடவையும் தோற்றால் ஆறு மாசம் கழித்துத்தான் மறுபடி பேரே கொடுக்க முடியும். ஆறு மாசம் அவர் வீட்டுக்காரர் தாங்க மாட்டார். இது அந்த அம்மாவுக்கும் தெரியும், என் தங்கைக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

டெஸ்ட் நடப்பதும் இதே ஸ்கூல் காரில்தான். மூன்று தடவையும் தோற்றதற்கு ஒரே காரணம்தான். நடுரோட்டில், ஒன்றுமே இல்லாத இடத்தில், பிரேக் போட்டு வண்டியை நிறுத்துகிறாராம்.

தங்கைக்கு இது பிடிபடவே இல்லை. அவளோடு ஓட்டும்போது அந்த அம்மா பிரேக் போடுகிற அழகே அழகு. ஆட்கள் ரோட்டைக் கடக்கும் கோடு வந்தால் வண்டி தானாகத் தணியும், குலுங்காமல் நிற்கும். "சூப்பரா புடிச்சீங்கக்கா," என்று இவள் மெச்சுவாள். அந்த அம்மா ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். கூச்சம் போலிருக்கிறது என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று அந்த வெள்ளைக் காரை என்னிடம் கொண்டுவந்தாள். வேறு ஊரில் மூடிப்போன ஒரு டிரைவிங் ஸ்கூலிலிருந்து அவள் முதலாளி வாங்கிய கார் அது. பிரேக், கேபிள், பெடல் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. "வண்டிக்கு ஒண்ணும் இல்ல. உன் மாணவிக்குத்தான் பயம். ரெண்டு மந்திரிச்ச கயிறு வாங்கிக் கட்டு," என்று கிண்டல் செய்து அனுப்பினேன்.

அப்போது அவள் வேறு சிலதும் சொன்னாள். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் குள்ளம். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுத்தான் உட்காருவாள். ஆனால் தினமும் காலையில் அந்த சீட் தண்டவாளத்தின் கடைசிப் பல் வரைக்கும் பின்னால் போயிருக்கும். முதலாளி வேலை என்று அவரிடம் சண்டைக்குப் போனாள். அந்த வண்டியில் தான் ஏறியே மாசக்கணக்காகிறது என்று அவர் சத்தியம் செய்தார்.

வாத்தியாருக்கென்று மேலே ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும், பின்னால் வருகிற வண்டிகளைப் பார்க்க. அதைத் தன் கண்ணுக்குச் சரியாகத் திருப்பி வைப்பாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அது மேலே பார்த்துக்கொண்டிருக்கும். உயரமான ஆளுக்குத் தோதாக...

பாடம் முடிந்து இறங்கும்போது இடது கால் முழங்கால் வரைக்கும் மரத்துப் போயிருக்கும். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் அப்படித்தான் என்றேன். "தையல்காரம்மாகூட நான் இன்னும் சம்மணமே போட்டதில்லண்ணா," என்றாள்.

நாலாவது டெஸ்டுக்கு முந்தின நாள். சாயங்காலம் நாலே கால் மணி. மழை வருகிற மாதிரி மூட்டம் போட்டிருந்ததே தவிர நல்ல வெளிச்சம். இருட்டில் எதையோ பார்த்துப் பயந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

தையல்காரம்மா நேராக ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். வீட்டுக்காரரை மெஷினில் படுக்க வைத்திருந்தார்கள். ஆறு மணிக்குத் திரும்பப் போய் அழைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாரே ஒழிய, மனசெல்லாம் அந்த வார்டில் கிடந்தது. தங்கைக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது. இன்றைக்கு இவருக்குத் தைரியம் கொடுக்காவிட்டால் வேறு என்றைக்குக் கொடுப்பது என்று செருப்பைக் கழற்றினாள். முதல் தடவையாக அந்த அம்மாவின் பக்கத்தில் சம்மணம் போட்டாள். தான் வழக்கமாகச் சொல்லும் காலே இல்லை என்ற வசனத்தையும் சொன்னாள். அந்த அம்மா கேட்டாரா என்பதே சந்தேகம். கண் ரோட்டில் இருந்தது, காது எங்கேயோ இருந்தது.

குடோன்கள் வரிசையாக இருக்கும் இறக்கமான ரோடு. ஆள் நடமாட்டம் இல்லை. தூரத்தில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன.

வண்டி தணிந்தது. குலுங்காமல், கோட்டுக்கு முன்னால் நின்றது.

"அருமைக்கா. நாளைக்கும் இப்படியே புடிங்க."

தையல்காரம்மா ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழ ஆரம்பித்துவிட்டார். தேம்பித் தேம்பி அழுதார். இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"டீச்சர், போதும். ரெண்டு மாசமா என்னை ஏமாத்துறீங்க. ஒவ்வொரு தடவையும் நீங்கதான் பிரேக் போடுறீங்க. போட்டுட்டு என்னைப் பாராட்டுறீங்க. நானும் உங்க மனசு நோகக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். டெஸ்ட்லயும் அந்த ஆபீசர்தான் போட்டு நிறுத்துறார். நாளைக்கும் நிறுத்துவார். என் வீட்டுக்காரர் செத்துடுவார் டீச்சர்."

தங்கை சொல்வது, அந்த நொடியில் அவளுக்கு உச்சந்தலையிலிருந்து குளிர் இறங்கியதாம். இவள் அந்த அம்மா அழுத்துகிறார் என்று நினைத்திருக்கிறாள். அந்த அம்மா இவள் அழுத்துகிறாள் என்று நினைத்திருக்கிறார். டெஸ்டிலும் அதே கதைதான். ஆபீசர் இவரை நினைக்க, இவர் ஆபீசரை நினைக்க... ஒருத்தரும் ஒருத்தரைக் கேட்கவில்லை.

"அக்கா, என் காலைப் பாருங்க."

அந்த அம்மா நிமிர்ந்தார். பார்த்தார். இரண்டு வெறுங்காலும் சீட்டின் மேல் மடங்கியிருந்தன.

"நீங்க அழுத்தலையா?" என்றாள் தங்கை.

"என் கால் தரையில இருக்கு டீச்சர்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கீழே பார்த்தார்கள்.

இடது பக்கத்துப் பிரேக் கீழே இருந்தது. அடி வரைக்கும். தானாக எழும்பி வர வேண்டிய பெடல்... எழும்பவில்லை.

எஞ்சின் ஒரு உதறு உதறி அணைந்தது.

அந்த அமைதியில் ஒரு சத்தம். கிர்ர்... கிர்ர்... கேபிள் இழுபடும் சத்தம். யாரோ விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் மட்டுமே வருகிற சத்தம் அது. அவள் வாயால் அதைச் செய்துகாட்டியபோது எனக்கே மயிர்க்கால் குத்திட்டது.

ஏதோ சிக்கிக்கொண்டிருக்கிறது என்று இவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குனிந்து, பெடலைத் தூக்கிவிடக் கையை நீட்டினாள்.

கையில் துணி பட்டது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையில் மட்டும் பட்டது. முரட்டுப் பேண்ட் துணி.

துணிக்குள்ளே... கால்.

ஜில்லென்று இருந்தது. நடுங்கிக்கொண்டும் இருந்தது. ரொம்ப நேரமாக ஒன்றை மிதித்துப் பிடித்திருக்கிற கால் நடுங்குமே, அப்படி.

கையை உதறி இழுத்துக்கொண்டாள்.  

அப்புறம்தான் அது உறைத்தது.

அந்தக் கால் எங்கிருந்து நீள்கிறது?

அவள் உட்கார்ந்திருந்த சீட்டிலிருந்து.

அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே.

கதவைப் பிடித்து இழுத்தாள். பிடி வழுக்கியது. பெல்ட்டைத் தேடினாள். கை எங்கெங்கோ போனது. முதுகுக்குப் பின்னால் சீட் குளிர ஆரம்பித்தது. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்து, சுற்றிக்கொண்டு போனது.

தையல்காரம்மா இறங்கி ஓடவில்லை. பயப்படக்கூட நேரமில்லாத நிலைமை அந்த அம்மாவுக்கு. ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி, விடிந்தால் டெஸ்ட். அந்தப் பெடலைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். முதலில் கோபமாகத்தான்.

"யாரு நீங்க? நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினேன்?"

கிர்ர்...

"காலை எடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எனக்குன்னு இருக்கிறது அவர் ஒருத்தர்தான். கெஞ்சிக் கேக்குறேன், எடுங்க."

பெடல் அசையவில்லை. கேபிள் சத்தம் இன்னும் கூடியது. கெஞ்சக் கெஞ்ச அது இன்னும் பலமாக அழுத்தியது என்கிறாள் தங்கை.

அவளுக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் வாத்தியார் புத்தி எங்கே போகும்? கண் வழக்கம்போல மாணவியின் காலைத் தேடியது. அந்த அம்மாவின் வலது கால் தரையில் தட்டையாக இருந்தது. பிரேக்கின் மேல் இல்லை, பக்கத்தில்கூட இல்லை. வெள்ளைக் கோடு வந்தபோது அந்தக் கால் பிரேக்குக்குப் போகவே இல்லை. இன்றைக்கு மட்டுமில்லை, இந்த இரண்டு மாசமும் போயிருக்காது. வேறு யாரோ அழுத்துகிறார்கள் என்ற நிச்சயத்திலேயே ஓட்டியிருக்கிறார்.

"நான் அவங்களுக்குப் பிரேக் போடவே கத்துக்கொடுக்கலண்ணா," என்று என்னிடம் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "சூப்பர் சூப்பர்னு சொல்லிட்டு, அவங்க காலை ஒரு தடவைகூட குனிஞ்சு பாக்கல."

"அக்கா," என்றாள் காரில். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்ததாம். "உங்க காலைப் பிரேக்ல வைங்க."

"அது ஏற்கெனவே கீழதான் இருக்கு டீச்சர்."

"பரவால்ல. நீங்க அழுத்துங்க. நல்லா அழுத்துங்க. வண்டியை நீங்கதான் நிறுத்தி வெச்சிருக்கீங்க... அப்படி அழுத்துங்க."

தையல்காரம்மா காலைத் தூக்கி வைத்தார். அழுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு, தொடை நடுங்க அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னும் அழுத்தினார்.

கிர்ர்... சத்தம் தணிந்தது.

இடது பெடல் அசைந்தது. மேலே வந்தது. மெதுவாக... ஒரு விரல்கடை. நின்றது. சோதித்துப் பார்க்கிற மாதிரி. மறுபடி ஒரு விரல்கடை. அப்புறம் முழுசாக மேலே வந்து நின்றுவிட்டது.

வண்டி இறக்கத்தில் இருந்தது. அசையவில்லை. இப்போது அதைப் பிடித்திருந்தது தையல்காரம்மாவின் கால் மட்டும்தான்.

தங்கைக்கு அடியில் சீட்டின் ஸ்பிரிங் 'கிரீச்' என்றது. கனமான ஆள் எழுந்தால் வருமே, அந்தச் சத்தம்.

அவ்வளவுதான்.

வேறு யாராக இருந்தாலும் வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓட்டம் பிடித்திருப்பார்கள். நானாக இருந்தால் நிச்சயம் ஓடியிருப்பேன். இவர்கள் இரண்டு பேரும் ஆறு மணி நெருங்கும் வரைக்கும் அதே காரில் ஓட்டிப் பழகியிருக்கிறார்கள். ஒவ்வொரு கோட்டிலும் அந்த அம்மா சொந்தக் காலால் பிரேக் போட்டார். முதலில் தூக்கிப் போட்டது, ஒரு தடவை கோட்டைத் தாண்டியே போய்விட்டது. பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகுதான் ஒழுங்காக வந்தது. தங்கை அதே சீட்டில் சம்மணம் போட்டே உட்கார்ந்திருந்தாள். காலைக் கீழே வைக்க அவளுக்குத் தைரியமில்லை.

மறுநாள் டெஸ்ட். கூட ஏற யாருக்கும் அனுமதியில்லை. தங்கை கேட்டில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆபீசர் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது இவளுக்கு மூச்சே நின்றது. அந்த மனிதர் எதன் மேல் உட்காருகிறார் என்று அவருக்குத் தெரியாதே.

இருபது நிமிஷம் கழித்து வண்டி திரும்பியது. தையல்காரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. தொலைந்தது என்றே இவள் நினைத்தாள். ஆபீசர் இறங்கி, இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, சைக்கிளில் ஒருவன் திடீரென்று குறுக்கே புகுந்ததாகவும் இந்த அம்மா தானாகவே அழகாக நிறுத்தியதாகவும் சொன்னார். பாஸ். தையல்காரம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.

இப்போது வாரம் மூன்று நாளும் அவர்தான் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார். என் கடை வழியாகத்தான் போவார். ஹாரன் அடித்துவிட்டுப் போவார். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு வேலையே இனிக்கும்.

எல்லாம் கேட்ட பிறகு எனக்கு மனசு ஆறவில்லை. அந்தக் காரை விற்ற பழைய ஸ்கூல்காரரின் நம்பரை முதலாளியிடம் வாங்கி, போன் செய்தேன். பிரேக்கைப் பற்றிச் சும்மா விசாரிக்கிற மாதிரி ஆரம்பித்தேன். எந்தக் கார் என்று கேட்டுக்கொண்டார்.

அப்புறம் சொன்னார். அவரிடம் ஒரு வாத்தியார் இருந்தாராம். ஆறடி ஆள், நல்ல மனிதர், அதிகம் பேச மாட்டார். மாணவர் கவனிக்காமல் ஓட்டினால் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்வார். என்ன தப்பு என்று அவர்களே கண்டுபிடித்துச் சொல்கிற வரைக்கும் விட மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். ஒருநாள் ஒரு பெண்ணுக்குப் பாடம். பாதி வழியில் அப்படித்தான் வண்டி நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணை மூடியிருந்தார். திட்டு விழுமே என்று, தான் செய்த தப்பையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறாள். கால் மணி நேரம். கடைசியில் பிரேக் விட்டுக்கொடுத்தது. வண்டியை ஓட்டிக்கொண்டு ஸ்கூலுக்கு வந்து, "சார், வந்தாச்சு," என்று அவர் தோளைத் தொட்டிருக்கிறாள். அப்படியே முன்னால் சரிந்துவிட்டாராம்.

மாரடைப்பு. வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

வெறும் 'ம்' கொட்டினேன். செத்த பிறகு கால் விறைத்து அழுத்தியிருக்கலாம், அப்புறம் தானாகத் தளர்ந்திருக்கலாம் என்று மெக்கானிக் மூளை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு அது புரிந்திருக்க வேண்டும்.

"அதோட முடிஞ்சிருந்தா நானும் அப்படித்தான் நினைச்சிருப்பேன்," என்றார். "ஆனா அந்தப் பொண்ணு இன்னிக்கும் சத்தியம் பண்ணுது. திரும்பி வர்ற வழியில அவர் இன்னும் ரெண்டு தடவை பிரேக் போட்டாராம். ரெண்டு தடவையும், அவ பாக்காத ஒரு குழந்தை ரோட்டுல இருந்திருக்கு."